‘வலிக்காது’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் வீட்டில் ‘வலிக்காது’ என்ற சொல்லுக்கு இப்போது வேறு அர்த்தம். ஒருநாள் என் மகள் காலில் முள் குத்தி நொண்டிக்கொண்டு வந்தாள். காலை என் மடியில் நீட்டிக்கொண்டு சமர்த்தாகத்தான் உட்கார்ந்திருந்தாள். முள்ளை எடுக்கக் குனிந்த நான், வாய்ப்பழக்கத்தில், “வலிக்காது கண்ணு” என்றேன். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். “அப்போ ரொம்ப வலிக்குமா?” என்று கேட்டாள். அவளுக்கு அப்போது நாலரை வயது. அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தத்தை அவள் கற்றுக்கொண்டது ஒரு பல் டாக்டரின் நாற்காலியில்.

இப்போது அவளுக்கு ஆறு வயது. நடுவில் ஒரு நல்ல மருத்துவர் கிடைத்தார். பயத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. ஆனால் நாங்கள் ஊர் மாறுகிறோம். அடுத்த முறை அவள் வாயைத் திறக்கப்போவது உங்களில் யாரோ ஒருவரிடம். அது யார் என்று தெரியாததால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன். உங்கள்மேல் குற்றப்பத்திரிகை வாசிக்கும் எண்ணம் இல்லை. என் பங்கும் இதில் நிறைய இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

முதல் தடவை நடந்தது இது. ஓர் இரவு முழுக்கப் பல்வலியால் அவள் தூங்கவில்லை. கீழ்க் கடைவாயில் சொத்தை. ‘விழப்போகிற பால் பல்தானே’ என்று நாங்கள் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டிருந்தோம். காலையில் கன்னம் வீங்கியிருந்தது. பக்கத்தில் இருந்த பல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தூக்கமில்லை, சாப்பிடவில்லை, வலி வேறு. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். உள்ளேயிருந்து டிரில் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அப்புறம் எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவளை மட்டும் உள்ளே கூட்டிப்போனார்கள். “ஒண்ணுமே வலிக்காது பாப்பா, எறும்பு கடிக்கிற மாதிரிதான்” என்று ஒரு குரல் கேட்டது. அடுத்து அவளுடைய அலறல்.

இருபது நிமிடம் கழித்து வியர்வையில் நனைந்து வெளியே வந்தாள். வேலை ஒழுங்காகத்தான் நடந்திருந்தது, அதை மறுக்கமாட்டேன். சீழை வடித்து, மருந்து எழுதிக் கொடுத்து, பாக்கிச் சிகிச்சைக்கு ஒரு வாரத்தில் வரச் சொன்னார்கள். வீக்கமும் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. ஆனால் உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும், கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை அவளுக்கும் சொல்லவில்லை, எங்களுக்கும் சொல்லவில்லை. வீடு போய்ச் சேர்வதற்குள் கீழுதட்டை மென்று புண்ணாக்கிக்கொண்டாள். மறுநாள் கன்னத்தைவிட உதடுதான் பெரிதாக வீங்கியிருந்தது.

அந்த ‘ஒரு வாரத்தில்’ நாங்கள் போகவில்லை. போக முடியவில்லை என்பதுதான் சரி. முடிவெட்டும் கடைக்குக் கூட்டிப்போனால் அந்த நாற்காலியிலேயே உட்கார மறுத்துவிட்டாள். சாய்கிற நாற்காலி, கழுத்தைச் சுற்றிக் கட்டும் துணி, கையில் கருவியோடு பின்னால் நிற்கும் ஆள். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். பல மாதம் அவளுடைய அம்மாவே வீட்டில் வைத்துக் கோணல்மாணலாக வெட்டிவிட்டாள். தினமும் பல் தேய்ப்பதுகூடச் சண்டையில்தான் முடிந்தது. பல்லைக் காப்பாற்றப் போய், பிரஷ்ஷையே எதிரியாக்கிக்கொண்டு திரும்பியிருந்தோம்.

இப்போது என் பங்கு. 1977இல் ஸ்டான்லி ராக்மன் என்ற உளவியலாளர், மனிதருக்குள் அச்சம் வந்து சேரும் வழிகளை மூன்றாகப் பிரித்தார். தான் பட்டது, பிறர் படுவதைப் பார்த்தது, பிறர் சொல்லிக் கேட்டது. இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. உங்கள் நாற்காலியில் நடப்பது பெரும்பாலும் முதல் வழியைச் சேர்ந்தது. மற்ற இரண்டு வழிகளும் எங்கள் வீட்டுக்குள்தான் இருந்தன.

நான் பதினான்கு வருடமாகப் பல் டாக்டர் பக்கமே போகாதவன். சின்ன வயதில் இரண்டு பெரியவர்கள் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, எனக்கு ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். அந்தக் கதையை வீட்டுக்கு வருகிறவர்களிடம் நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் சிரித்ததாக ஞாபகம் இல்லை. அன்று காலை காத்திருந்தபோது, “கையை விடுப்பா, நசுங்குது” என்று அவள்தான் என்னிடம் சொன்னாள்.

அப்புறம் மிரட்டல். “பல் தேய்க்கலைன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போடச் சொல்வேன்.” இதை நானும் சொல்லியிருக்கிறேன், என் அம்மாவும் சொல்லியிருக்கிறார். பிள்ளையை அடக்க உங்களைப் பூச்சாண்டியாக்கிவிட்டு, பிறகு அந்தப் பூச்சாண்டியிடமே வாயைத் திறக்கச் சொல்கிறோம். லஞ்சமும் இதே ரகம்தான். “அழாம இருந்தா பெரிய பொம்மை வாங்கித் தரேன்” என்று போகும் வழியிலேயே சொன்னேன். பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரியும். பொம்மை இவ்வளவு பெரிதென்றால் வலி எவ்வளவு பெரிதாக இருக்கும்?

ஊசி போடும் நேரத்தில் பெற்றோர் என்ன பேசுகிறார்கள் என்று கவனித்து ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ‘ஒண்ணுமில்லை, பயப்படாதே’ என்று தேற்றத் தேற்றப் பிள்ளையின் தவிப்பு கூடத்தான் செய்கிறது. வேறு பேச்சுக்கு இழுத்துப்போனால், சிரிக்க வைத்தால் குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். முதலில் விசித்திரமாகத் தோன்றியது. யோசித்தால் அப்படி இல்லை. அப்பா ஒரே நிமிடத்தில் நாலு தடவை ‘பயப்படாதே’ என்றால், பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? பல் பார்க்க வருகிற பெற்றோரிடம் உங்கள் ரிசப்ஷனில் இருப்பவர்கள் இதை முன்கூட்டியே, அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும் போனிலேயே சொல்லிவிடலாம். ‘மிரட்டாதீர்கள், வாக்குறுதி கொடுக்காதீர்கள், உங்கள் பழைய கதையைச் சொல்லாதீர்கள். பல்லைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லிக் கூட்டிவாருங்கள்.’ என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன்.

சரி, உங்கள் பக்கத்துக்கு வருகிறேன்.

பல் சிகிச்சை பற்றிய பயத்தை அளக்க நார்மன் கோரா 1969இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். பெரியவர்களுக்கானது, நான்கே கேள்விகள். நாளைக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? அங்கே காத்திருக்கும்போது? நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருக்க, அவர் டிரில்லைத் தயார் செய்யும்போது? பல்லைச் சுத்தம் செய்யக் கருவிகளை எடுத்துவைக்கும்போது? நான்கையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றில்கூடக் கருவி இன்னும் வாய்க்குள் போகவில்லை! பயத்தின் பெரும்பகுதி நடப்பது அதற்கு முன்னால்தான். ஒருவருக்கு அரை நிமிட ஊசி என்றால், அதற்கு முன் ஒரு மணி நேரக் காத்திருப்பு இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கே இப்படி. நான்கு வயதுக்கு மணி நேரம் என்றால் என்னவென்றுகூடத் தெரியாது.

அதனால் முதல் வேண்டுகோள் மிகச் சாதாரணமானது. சின்னப் பிள்ளைகளைக் காக்க வைக்காதீர்கள். நன்றாகத் தூங்கி எழுந்த காலை நேரத்தை அவர்களுக்குக் கொடுங்கள். சிகிச்சை அறையின் கதவைச் சாத்துங்கள். காற்று விசையில் நிமிடத்துக்குச் சுமார் 3 லட்சம் சுற்று சுழலும் டிரில் 1957இல் வந்தபோது உங்கள் வேலை வேகமாயிற்று. கூடவே அந்தக் கீச்சுச் சத்தமும் வந்து சேர்ந்தது. உங்களுக்கு அது காதில் விழுவதே இல்லை, பழகிவிட்டது. வெளியே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது மட்டும்தான் காதில் விழுகிறது. சுவரில் பொம்மைப் படம் ஒட்டுவதற்கு முன் கதவைப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் முதல் மருத்துவமனைச் சுவரிலும் சிரிக்கிற பல் படம் இருந்தது.

இரண்டாவது மருத்துவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீழ் வடித்த பல்லை அப்படியே விடக்கூடாது என்று பலரும் எச்சரித்த பிறகு, யாரோ சொல்லி அவரிடம் போனோம். மகள் வாசலைத் தாண்டவில்லை, கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டரே வெளியே வந்தார், முகக்கவசம் இல்லாமல். வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, இன்றே செய்தாக வேண்டிய அவசரம் இல்லை என்பதை முதலில் என்னிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்து, “எனக்கு எத்தனை பல் இருக்குன்னு எண்ணிச் சொல்றியா?” என்று வாயைத் திறந்தார். இவள் எட்டவே நின்று எண்ணினாள். பதினேழு என்று சொன்னாள். “அவ்ளோதானா!” என்று அவர் கவலைப்பட்டார். வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் கையில் கொடுத்து, வீட்டில் பொம்மைக்குப் பல் பார்த்துவிட்டு அடுத்த முறை கொண்டுவரச் சொன்னார். “இன்னைக்கு இவ்வளவுதான்” என்று எழுந்துவிட்டார்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம் வந்தது. வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தேன்.

நான்கு நாள் கழித்து இரண்டாவது தடவை. நாற்காலியை ஏற்றி இறக்கினார். இவளே பொத்தானை அமுக்கினாள். தண்ணீர் பீச்சும் குழாயை முதலில் உள்ளங்கையில் பீச்சிக் காட்டினார். எச்சிலை உறிஞ்சும் குழாய் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்தது. நகத்தின் மேல் மெதுவாகச் சுழலும் பிரஷ்ஷை வைத்துக் கூசுகிறதா என்று கேட்டார். கடைசியில் அவளுடைய பற்களை எண்ணினார். இருபது. பால் பல் மொத்தமே இருபதுதான் என்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

இதற்கு உங்கள் படிப்பில் ‘சொல், காட்டு, செய்’ என்று பெயர் உண்டு, அடெல்ஸ்டன் என்பவர் 1959லேயே எழுதிவிட்டார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நீங்கள் எல்லோரும் படித்த பாடம்தான். பரீட்சை எழுதியிருப்பீர்கள். நான் கேட்பது புதிதாக எதையும் அல்ல.

மூன்றாவது தடவைதான் திருப்பம். டாக்டர் சொன்னார்: “உனக்கு எப்ப போதும்னு தோணுதோ, இடது கையைத் தூக்கு. நான் நிறுத்திடுவேன்.” என் மகள் சந்தேகப் பிராணி. கருவி உதட்டைத் தொடுவதற்குள் கையைத் தூக்கினாள். அவர் நிறுத்தினார். மறுபடி தொடங்கினார், மறுபடி தூக்கினாள். நிறுத்தினார். வலியே இல்லை, வெறும் பிரஷ்தான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆறு தடவை தூக்கினாள். ஆறு தடவையும் அவர் முகம் சுளிக்காமல் கருவியை வெளியே எடுத்துவிட்டுக் காத்திருந்தார். நான் வாயைத் திறக்கப்போனேன், என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏழாவது தடவை கை கீழேயே இருந்தது.

அவள் சோதித்தது வலியை அல்ல, வாக்கை. முதல் மருத்துவமனையில் ஒரு பெரியவர் சொன்ன சொல் பொய்யாகிவிட்டிருந்தது. இங்கே ஒரு பெரியவர் சொன்ன சொல் ஆறு தடவை நின்றது. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். பிள்ளையின் பயத்துக்கு வலி ஒரு காரணம்தான். படுக்க வைத்து, வாயை அடைத்து, பேசவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல், என்ன வரப்போகிறது என்று தெரியாமல் கிடப்பது அதைவிடப் பெரிய காரணம். தெரியாததைச் சொல்லிவிடலாம். நிறுத்தும் உரிமையைக் கையில் கொடுத்துவிடலாம். ஆனால் கொடுத்த பிறகு ஒரே ஒரு தடவை ‘இதோ முடிஞ்சிடுச்சு, கொஞ்சம் பொறு’ என்று நிறுத்தாமல் போனால் எல்லாம் போச்சு. அப்படிச் செய்வதற்குக் கையைத் தூக்கச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

நான்காவது தடவை ஊசி. “ஊசி போடுவீங்களா?” என்று அவளே நேராகக் கேட்டாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். “ஆமா” என்றார் டாக்டர். “முதல்ல ஜெல் தடவுவேன், கசக்கும். அப்புறம் சுருக்குன்னு இருக்கும், நான் மெதுவா பத்து எண்ணுற வரைக்கும். அதுக்கப்புறம் உதடும் பல்லும் தூங்கிடும். தூங்குற உதட்டைக் கடிக்கக்கூடாது, சரியா?” அவர் ஈறைத் துடைத்துக் காயவைத்தார், ஜெல்லைத் தடவினார், பிறகு எதுவுமே செய்யாமல் பொம்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஜெல் வேலை செய்ய ஒன்றிரண்டு நிமிடம் வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தடவிய அடுத்த நொடியே குத்தினால் கசப்பு மட்டும்தான் மிச்சம். மருந்தையும் மிக நிதானமாக இறக்கினார். ஊசி முனை குத்துவதைவிட, மருந்தை அவசரமாகத் தள்ளும் அழுத்தம்தான் அதிகம் வலிக்கும் என்று பிறகு விளக்கினார்.

அவள் அழுதாள். ஆமாம், அழுதாள். கையையும் தூக்கினாள். அவர் நிறுத்தி, அவள் மூக்கைத் துடைத்துக்கொள்ளும் வரை பொறுத்திருந்து தொடர்ந்தார். அழாத பிள்ளைதான் நல்ல பிள்ளை என்று நாமெல்லாம் நினைத்துக்கொள்கிறோம். ‘அந்தப் பாப்பாவைப் பாரு, உன்னைவிடச் சின்னது, அழவே இல்லை’ என்ற பேச்சைத் தயவுசெய்து உங்கள் அறையில் தடைசெய்யுங்கள், பெற்றோர் சொன்னாலும் சரி, உதவியாளர் சொன்னாலும் சரி. முதல் தடவை அவள் அலறியது ஏமாந்த அலறல். இது வலிக்கான அழுகை, வலி நின்றதும் நின்றுவிட்டது. போகும்போது டாக்டர் ‘குட் கேர்ள்’ என்று பொதுவாகச் சொல்லவில்லை. “நீ கையைத் தூக்கி நிறுத்தச் சொன்ன, அப்புறம் நீயாவே வாயைத் திறந்த. அது கஷ்டமான வேலை” என்றார். வீடு வரும் வழியெல்லாம் இவள் இதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஸ்டிக்கரை வண்டியிலேயே தொலைத்துவிட்டாள்.

பிள்ளைக்குப் புரிகிற சொற்களைப் பயன்படுத்துவது பொய் ஆகாது. பல்லைச் சுற்றிக் கட்டும் ரப்பர் விரிப்பை ‘பல்லுக்கு மழைக்கோட்டு’ என்று அவர் சொன்னது அழகான மொழிபெயர்ப்பு. ‘உதடு தூங்கும்’ என்பதும் அப்படித்தான். ‘ஊசியே இல்லை’ என்று சொல்லிக்கொண்டே முதுகுக்குப் பின்னால் ஊசியை வைத்திருப்பதுதான் பொய். இந்த வித்தியாசம் நான்கு வயதுக்கு நன்றாகவே தெரிகிறது.

நேரம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள், நியாயம்தான். வாசற்படியில் உட்கார்ந்து பல் எண்ணிக்கொண்டிருந்தால் பிழைப்பு ஓடாது. அந்தச் சந்திப்புகளுக்கும் கட்டணம் கேளுங்கள். நான் தருவேன், முன்பு கோபப்பட்ட அதே நான்தான். அது சும்மா போன நேரம் இல்லை என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. வலிக்கிற சிகிச்சைக்கு முன்னால் வலியில்லாத சந்திப்புகள் சில நடந்திருந்தால், பிறகு வலி வந்தாலும் அது பயமாக ஊன்றிவிடுவது குறைவு என்று கிரஹாம் டேவி 1989இல் எழுதினார். முன்கூட்டிப் போட்டுவைத்த சேமிப்பு மாதிரி. முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், தாமதித்தால் முதல் பிறந்தநாளுக்குள், பிள்ளையைப் பல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்று குழந்தைப் பல் மருத்துவர்கள் சொல்வதன் பின்னால் இதுவும் இருக்கிறது. டாக்டரும் தாயும் முழங்காலோடு முழங்கால் ஒட்டி உட்கார, இருவர் மடியிலும் குழந்தை படுத்திருக்கும்போதே வாயைப் பார்த்துவிடலாமாம். நாற்காலியே வேண்டாம். இதை யாராவது எங்களுக்குப் பிள்ளை பிறந்த புதிதில், தடுப்பூசி அட்டவணையோடு சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் டிரில் வேண்டும் என்பதும் இல்லை என்கிறார்கள். சொத்தையின் மேல் தடவி அதை அப்படியே நிறுத்திவைக்கும் வெள்ளி ஃபுளோரைடு மருந்து ஒன்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் அதை 2021இல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. ஊசி இல்லை, டிரில் இல்லை. சொத்தை இருந்த இடம் கறுத்துப்போகும், அதுதான் குறை. ஸ்காட்லாந்தில் நார்னா ஹால் என்ற பல் மருத்துவர் வழியாகப் பரவிய இன்னொரு முறை, சொத்தையைச் சுரண்டாமலே பால் கடைவாய்ப் பல்லின்மேல் ஸ்டீல் கேப்பை மாட்டிவிடுவது. எல்லாப் பல்லுக்கும் இவை பொருந்தாது, நரம்புவரை போன சொத்தைக்கு நிச்சயம் ஆகாது. எங்களுடையது அப்படிப் போனதுதான். ஆனால் பொருந்துகிற இடத்தில் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். ‘கறுப்புப் பல்லா, ஐயோ’ என்று நாங்களே முடிவு செய்துவிடுவோம் என்று நினைத்துச் சொல்லாமல் விடாதீர்கள். வாய்க்குள் பின்னால் இருக்கும் ஒரு கறுப்புப் புள்ளிக்கும் ஒரு பிள்ளையின் பல மாதத் தூக்கத்துக்கும் இடையே எது பெரிது என்று யோசிக்க எங்களுக்கும் தெரியும்.

பெற்றோரை வெளியே நிற்கச் சொல்வது பற்றி. நான் உள்ளே இருந்தால் பிள்ளை அதிகமாக அழும், நான் பதறினால் அவளும் பதறுவாள் என்பது உண்மையாகவே இருக்கலாம். என்னைப் போன்ற அப்பாவைப் பார்த்தால் நானே வெளியே அனுப்புவேன். ஆனால் மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு, தெரியாத அறையில் தெரிந்த முகம் எதுவும் இல்லாமல் போவதே ஒரு தனிப் பயம். வெளியே போகச் சொல்லும்முன் அவளிடம் கேளுங்கள், எங்களிடமும் காரணம் சொல்லுங்கள். உள்ளே வைத்துக்கொண்டு ‘நீங்கள் வாயே திறக்கக்கூடாது, கால்மாட்டில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வேலையும் கொடுக்கலாம். எனக்குக் கிடைத்தது அந்த வேலைதான். நன்றாகவே செய்தேன்.

அலறும் பிள்ளையின் வாயைக் கையால் பொத்தி அடக்குவது ஒரு காலத்தில் உங்கள் துறையில் அங்கீகரிக்கப்பட்ட முறையாகவே இருந்திருக்கிறது. அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாதமி 2006இல்தான் அதைத் தன் வழிகாட்டுதலிலிருந்து நீக்கியது. அமுக்கிப் பிடித்துச் செய்தே ஆக வேண்டிய நாட்கள் வரலாம், கன்னம் வீங்கிக் காய்ச்சலோடு வரும் பிள்ளையிடம் பல் எண்ணி விளையாட முடியாது என்பது எனக்குப் புரிகிறது. எங்கள் முதல் நாளும் அப்படிப்பட்ட ஒரு நாள்தான். அப்போதுகூட ‘இது வலிக்கும், வேகமாக முடித்துவிடுகிறேன், அப்பா இங்கேயே இருக்கிறார்’ என்று சொல்ல ஐந்து நொடி போதும். முகர வைக்கும் சிரிப்பு வாயுவோ முழு மயக்கமோ எப்போது தேவை என்பது உங்கள் முடிவு, அதில் நான் தலையிட மாட்டேன்.

ஒளியும் சத்தமும் தொடுதலுமே தாங்க முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள ஒரு பையனை நாங்கள் போன மருத்துவமனையில் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே அறை, அதே டாக்டர், கண்ணைக் கூசும் விளக்குக்குக் கறுப்புக் கண்ணாடி, காதுக்கு ஹெட்போன். நாற்காலி, விளக்கு, கண்ணாடி என்று அன்றைக்கு நடக்கப்போவதை வரிசையாகப் படம் எடுத்து வீட்டுக்கே அனுப்பிவிடுவார்களாம். அவனுடைய அம்மா சொன்னார், முதல் ஆறு சந்திப்பு வரை அவன் வாயைத் திறக்கவே இல்லை என்று. அவர்கள் கைவிடவில்லை. அந்தப் படங்களை என் மகளும் எட்டிப் பார்த்து ரசித்தாள். அவனுக்காகச் செய்தது எல்லாப் பிள்ளைக்கும் ஆகும் போலிருக்கிறது.

நானும் போனேன். மகளை மட்டும் அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொண்டே இருக்க முடியாதென்று, அவளை வேடிக்கை பார்க்க வைத்து என் பல்லைச் சுத்தம் செய்துகொண்டேன். பதினான்கு வருட அழுக்கு. கையைத் தூக்கலாம் என்று அவளே எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு தடவை தூக்கினேன்.

இப்போது அவளுக்குக் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் புதிய கடைவாய்ப் பல் தலைகாட்டுகிறது. ஆறு வயதில் வருகிற இந்தப் பல்லுக்கு முன் எந்தப் பல்லும் விழுவதில்லை என்பதால் பல பெற்றோர் இதையும் பால் பல் என்றே நினைத்து விட்டுவிடுவார்களாம். நாங்கள் விடவில்லை. அதன் பள்ளங்களை அடைத்துப் பாதுகாக்க அடுத்த மாதம் உங்களில் ஒருவரிடம் வருவோம். கையில் ஒரு துணிப் பொம்மை இருக்கும், அதற்கும் பல் பார்க்க வேண்டியிருக்கும். வந்ததும் “வலிக்குமா?” என்று கேட்பாள். என்னிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டாள். “எனக்குத் தெரியாது, டாக்டரைக் கேட்போம்” என்று சொல்லியிருக்கிறேன்.

நாற்காலியில் சாய்ந்ததும் இடது கையைத் தூக்குவாள். முதல் சில தடவை காரணமே இருக்காது. நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஆறு வயதுப் பிள்ளையின் அப்பா